ரெண்டுங்கெட்டான் நீளம்

போன வாரம் அவனைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துவிட்டு வந்தோம். இன்னும் அங்கேயேதான் நிற்கிறான்.

வெளியே அவன் மனைவி கதவைத் தட்டினாள்.

"என்னங்க, உள்ளேயே குடித்தனம் போயாச்சா?"

"ரெண்டு நிமிஷம்."

"இதையேதான் அப்பவும் சொன்னீங்க. நான் போய்க் கடையைத் திறக்கணும். ஜுரக்காரங்க எல்லாம் படியில உட்கார்ந்திருப்பாங்க."

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. கடைச் சாவி அவளிடம்தான் இருக்கும்.

கதவு திறந்தது. ஒரு பக்கத்து முடி காதுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது. மறு பக்கத்து முடி ஒதுங்க மாட்டேன் என்று கன்னத்தில் விழுந்து கிடந்தது. வெட்டிய முடி என்றும் சொல்ல முடியாது, வளர்ந்த முடி என்றும் சொல்ல முடியாது. பின்னால் சேர்த்துக் கட்டினால் முன்னால் அவிழும். முன்னால் படிய வைத்தால் பின்னால் குருவி வால் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும்.

"என் சீப்பு, என் எண்ணெய், என் கிளிப்பு. பொண்ணு பிறக்கலையேன்னு ஒரு குறை இருந்துச்சு எனக்கு. கடவுள் பார்த்துக் குடுத்துட்டார்" என்றாள்.

"சட்டை எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

"சட்டைக்கென்ன. மடிப்புல விரலை வெச்சா அறுத்துடும்."

உண்மைதான். முடி காதைத் தொட்டதிலிருந்து அவன் தினமும் முகம் மழித்தான். காலருக்குக் கஞ்சி போட்டான். ஷூவுக்கு இரண்டு தடவை பாலிஷ் போட்டான். பின்கழுத்துப் பூனைமுடியைக்கூட விட்டுவைக்கவில்லை. தலை ஒன்றைக் காப்பாற்ற மீதி உடம்பு முழுக்க உழைக்க வேண்டியிருந்தது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அவனுக்கு அசதியாக இருந்தது.

"நாளைக்கு உங்க கடைக்குப் பெரிய முதலாளி வர்றாரு. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"புதுக் கிளைக்கு யாரைப் பொறுப்பாப் போடறதுன்னு நேர்ல பார்த்து முடிவு பண்ணப் போறாரு. நீங்க இந்தக் கோலத்துல போய் நின்னா எப்படிங்க?"

"பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க. நாப்பதைத் தாண்டின ஆம்பளைக்கு அப்படி என்னங்க ஒரு ஆசை?"

அவன் சீப்பை அவளிடம் நீட்டினான். அது ஆசையில்லை என்று நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

இந்த வீட்டு ஆண்கள் சலூன் படி ஏறியதில்லை. அவனுக்கு முதல் முடி முளைத்ததிலிருந்து வெட்டுகிறவர் அவன் அப்பாதான். கல்யாணத்துக்கும் அவர்தான் வெட்டினார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். "டம்ளர் நிறைய டீயைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மலைப்பாதை இறங்கினவன்டா நான். ஒரு சொட்டு சிந்தினதில்ல" என்பார். கை நிதானம்தான் அவருடைய சொத்து, பெருமை எல்லாம்.

போன மழைக்காலத்தில் அந்தக் கை நடுங்கியது. கத்தரி முனை பட்டு அவன் காது மடலில் ரத்தம் வந்தது. "கொசு கடிச்சதைச் சொறிஞ்சுட்டேன்பா" என்று துடைத்துக்கொண்டான். அடுத்த தடவை அவர் நாற்காலியைப் போட்டபோது, "இல்லப்பா, வளர்க்கலாம்னு இருக்கேன்" என்றான். வாயில் வந்தது அதுதான். சலூனுக்குப் போனால் ஏன் போனான் என்று அப்பாவுக்கு விளங்கிவிடும். அப்பாவிடமே தலையைக் கொடுத்தால் அதைவிட நன்றாக விளங்கிவிடும். மனைவியிடம் சொன்னாலோ, அடுத்த நிமிஷமே அவள் மாமனாரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். கை போய்விட்டது என்று ஒருத்தர் வாயால் கேட்டால் மனுஷர் தாங்குவாரா?

அதனால் முடி வளர்ந்துகொண்டிருந்தது.

கூடத்தில் அப்பா மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் முழங்கையை அழுத்தமாக ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது.

"வாடா, கண் டெஸ்ட் பண்றவனே. ஊரார் கண்ணை எல்லாம் பார்க்கற, உன் பின்மண்டை உனக்குத் தெரியுதா?"

"தெரியலப்பா."

"தெரியாது. தெரிஞ்சா வாசல் தாண்ட மாட்ட. பஸ்ல பார்த்து உட்காரு. பொம்பளைங்க சீட்டுல தள்ளி உட்காரச் சொல்லப் போறாங்க."

"சரிப்பா."

"எல்லாத்துக்கும் ஒரு சரி. தலையை வெட்டுடான்னா மட்டும் சரி வராது."

வெட்டுடா என்கிறாரே தவிர, வா, உட்காரு, நான் வெட்டறேன் என்று அவர் சொல்லிப் பல நாளாகிவிட்டது. அதை அவன் கவனித்தானோ இல்லையோ, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கண்ணாடிக் கடையில் அவனுக்குப் பெயர் கண்ணு சார். இருட்டறையில் பார்வையைச் சோதித்து எழுதிக் கொடுப்பது அவன் வேலை. அன்றைக்கு முதல் ஆளாக ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்தார். நல்ல பருமன். நாற்காலி முனகியது. சோதனைச் சட்டத்தை மூக்கில் பொருத்திவிட்டு, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் போட்டு எடுத்தான்.

"மேல் வரி படிங்க சார்."

"படிக்கறேன். தெளிவா இல்ல."

"இப்ப?"

"பரவாயில்ல."

அவன் குனிந்து இன்னொரு வில்லையைப் போட்டான். "இப்ப எப்படி?"

"இப்பக் கோடு கோடாத் தெரியுது."

"கோடா? நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?"

"உங்க முடி சார் அது. கொஞ்சம் எடுத்தீங்கன்னா எழுத்தைப் பார்ப்பேன்."

மன்னிப்புக் கேட்டு முடியை ஒதுக்கினான். வக்கீல் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "எனக்கு இருந்தா நானும் வளர்த்திருப்பேன் சார். குடுத்து வெச்சவரு நீங்க" என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். ஆனால் வெளியே போய்ச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது மேனேஜரம்மாவிடம் அதையே ஒரு ஜோக்காகச் சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கண்ணு சாருக்கு அழைப்பு வந்தது.

"உட்காருங்க சார். நின்னுக்கிட்டே பேசாதீங்க, நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்ல."

உட்கார்ந்தான்.

"நாளைக்கு வர்றவரு முதல்ல ஷூவைப் பார்ப்பாரு. அப்புறம் நகத்தைப் பார்ப்பாரு. அப்புறம்தான் தலை. உங்க ஷூவுல முகம் பார்க்கலாம். நகம் சுத்தம். தலைக்குத்தான் என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"கட்டிக்கறேன் மேடம்."

மேனேஜரம்மா தலைக்குப் பின்னால் சுவரில் விதிப் பலகை தொங்கியது. ஆண்களுக்கு முடி காதுக்கு மேல் இருக்க வேண்டும். பெண்களுக்கு முடி இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

"கட்டறது பொம்பளைங்களுக்குப் போட்ட விதி."

"சுத்தமா இருக்கணுங்கறதுக்குத்தானே மேடம் அந்த விதி? நானும் சுத்தமாத்தான் கட்டப் போறேன்."

"இந்த நியாயத்தை எங்கிட்ட பேசலாம். அவருகிட்ட பேச முடியுமா?" அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். "புதுக் கிளைக்கு உங்க பேரைச் சொன்னதே நான்தான். உங்க வேலையில குறை சொல்ல இந்தக் கடையில ஆள் கிடையாது. இன்னைக்குச் சாயங்காலம் சீக்கிரமே கிளம்புங்க. எதிர்லயே சலூன். அரை மணி நேர வேலை. இதுக்கு ஏன் சார் இவ்வளவு பாடு?"

அவன் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"முடியாது மேடம்."

சொன்ன பிறகு அவனுக்கே திகைப்பாக இருந்தது. சொல்லும்போது அப்பாவின் முகம் மனதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யார் முகமும் வரவில்லை.

மேனேஜரம்மாவுக்குக் கோபப்படவும் சக்தியில்லை. கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, அது குத்திக்கொண்டிருந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"காலையில இதை இறுக்கிக் கட்டினா, சாயங்காலம் மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. வெட்டிப் போடுன்னு எனக்கு ஒருத்தர் சொன்னா ஓடிப் போய் வெட்டிப்பேன். உங்களுக்கு அந்த வசதி இருக்கு, வேணாங்கறீங்க. என்னமோ போங்க. நாளைக்கு நான் உங்களுக்கு எதிராவும் பேச மாட்டேன், உங்களுக்காகவும் பேச மாட்டேன். அவரு பார்த்து என்ன சொல்றாரோ அதுதான்."

ஒரு ரப்பர் பேண்டை எடுத்து முடியைப் பின்னால் கட்டிக்கொண்டே வெளியே வந்தான். வில்லை அறுக்கும் மேஜையிலிருந்து லென்ஸக்கா கூப்பிட்டாள். காது கேட்காத மாதிரி எந்திரத்தை ஓட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறவள்.

"இங்க வா தம்பி. குனி."

"வேணாங்கா, யாராவது பார்க்கப் போறாங்க."

"பார்க்கட்டும். அந்த ரப்பர் பேண்டை எடு முதல்ல. காய்கறிக் கட்டு மாதிரி ஒரு கட்டு. தண்ணி தொட்டுச் சீவணும். மேல்பாதியை மட்டும் சேர்த்துக் கட்டணும். கீழ்ப்பாதி தன்னால அடங்கிடும். காதுகிட்ட ரெண்டு ஊசி, குறுக்கும் நெடுக்குமாப் போடு. நேரா செருகினா வழுக்கிட்டு வந்துடும்."

அவளே சீவிக் கட்டிவிட்டாள். கடையில் திரும்பின பக்கமெல்லாம் கண்ணாடி. தப்பிக்க வழியில்லை. பார்த்தான்.

சிறு வயதிலிருந்து அவன் தலையில் இடது பக்கம் ஒரு வகிடு இருந்தது. அப்பா எடுத்த வகிடு. பள்ளிக்கூடப் படத்திலும் அதுதான், கல்யாணப் படத்திலும் அதுதான். இப்போது அந்த வகிடு இல்லை. நெற்றி முழுசாகத் தெரிந்தது. தலை படிந்து, ஒரு முடி பிசகாமல் இருந்தது. இன்னொரு கண்ணாடிக்கு நகர்ந்து இன்னொரு முறை பார்த்தான்.

"போதும் தம்பி, கண்ணாடி தேஞ்சிடும்" என்றாள் லென்ஸக்கா.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது பின்பக்கப் பால்கனியில் விளக்கு எரிந்தது.

மர நாற்காலி போட்டிருந்தது. கீழே பழைய செய்தித்தாள். நாற்காலி முதுகில் ஒரு வெள்ளை விரிப்பு. சன்னல் விளிம்பில் சீப்பு, கத்தரி, தண்ணீர்க் கிண்ணம். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு கையும் பைக்குள் இருந்தன.

"நான்தான் மாமாகிட்ட கேட்டேன்" என்றாள் மனைவி. அவளும் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நீங்க நான் சொன்னாக் கேட்க மாட்டீங்க. அவரு சொன்னாக் கேட்பீங்க. பேசாம உட்காருங்க. நாளைக்கு எனக்கு நிம்மதியா ஒரு நாள் விடியட்டும்."

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருமக கேட்டுட்டா. இல்லேன்னு எப்படிச் சொல்றது? உட்காருடா" என்றார்.

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்பதற்கு அவனிடம் இருந்தது ஒரே பதில். அதை அப்பா முன்னால் சொல்ல முடியாது. உட்கார்ந்தான்.

அப்பா விரிப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, பின்னால் முடிச்சுப் போட்டார். வெகு நேரம் போட்டார். ஊசிகளை உருவினார். ஒன்று கீழே விழுந்தது. சீப்பை எடுத்துக் காதோரம் வைத்தார். சீப்பின் பல் காது மடலில் டிக் டிக் டிக் என்று தட்டியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கத்தரியை எடுத்தார். வெட்டுவதற்கு முன்னால் காற்றில் இரண்டு தடவை மூடித் திறப்பது அவர் வழக்கம். இன்றைக்கு அது மூடியதும் சரியாக இல்லை, திறந்ததும் சரியாக இல்லை.

"மாமா."

அப்பா நிறுத்தினார்.

"கத்தரியைக் கீழ வைங்க மாமா."

அவர் வைத்தார். இந்தமுறை கையைப் பைக்குள் போடவில்லை.

"பார்த்துட்டியாம்மா? நீ இப்பத்தான் பார்க்கற. இவன் முன்னாடியே பார்த்துட்டான்."

"அப்பா..."

"கொசுவாம் கொசு. நான் வெட்டின காது எனக்குத் தெரியாதா?"

அவன் நாற்காலியிலேயே திரும்பினான். "தெரியுமா உங்களுக்கு?"

"நீ மழைக்காலத்துல பார்த்த. நான் அதுக்கு முன்னாடி கோடையிலயே பார்த்துட்டேன். சட்டைப் பட்டன் ஓட்டையில நுழைய மாட்டேன்னுச்சு."

"அப்ப ஏன்பா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் நாற்காலியைப் போட்டேன். நீ முடி வளர்க்கறேன்னுட்ட. அப்பாடான்னு இருந்துச்சுடா. உனக்கும் சங்கடம் இல்ல, எனக்கும் சங்கடம் இல்ல. தினம் ரெண்டு வார்த்தை கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு விட்டுட்டேன்."

மனைவி பால்கனிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் சேர்ந்தீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "நான் தினமும் எவ்வளவு பேருக்கு மருந்து எடுத்துக் குடுக்கறேன். கை நடுங்குதுன்னு ஒருத்தர் வந்தா, எப்போ இருந்து, எந்தக் கை, சும்மா வெச்சிருந்தா நடுங்குதா, வேலை செய்யறப்ப நடுங்குதான்னு கேட்டு, டாக்டரைப் பாருங்கன்னு அனுப்பறேன். என் வீட்டுக்குள்ள ஒரு மனுஷர் கையைப் பையில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நான் குருடி மாதிரி சுத்தி வந்திருக்கேன்."

"உன்னைக் கவலைப்படுத்த வேணாம்னு..."

"பேசாதீங்க நீங்க. ஆசை, பேராசைன்னு உங்களை எவ்வளவு பேசியிருப்பேன்? எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டீங்களே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன, நான் வெளி ஆளா?"

அவள் எழுந்து வந்து மாமனாரின் வலது கையைத் தன் கைக்குள் வைத்துப் பார்த்தாள். அவர் கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஃபோனில் பேசினாள்.

"நாளைக்குக் காலையில, முதல் ஆளாப் பார்க்கறேங்கறாரு டாக்டர்" என்றாள் திரும்பி வந்து.

"பெரிய முதலாளியும் அப்பத்தான் வர்றாரு."

"தெரியும். வேற நேரம் இல்லையாம். விட்டா ரெண்டு வாரமாகுமாம்."

அப்பா தொண்டையைச் செருமினார். "நான் வர்றேன். ஆனா ஒண்ணு. இவன் இப்பவே முக்குச் சலூனுக்குப் போய் முடியை வெட்டிக்கிட்டு வரணும். இனிமே ஒளிக்க என்ன இருக்கு? காலையில கடைக்குப் போய்த் தலையைக் காட்டட்டும், நம்ம ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போவோம். என் கையால என் பிள்ளைக்கு வர வேண்டியது வராமப் போச்சுங்கற பேரோட நான் டாக்டர் முன்னால போய் உட்கார மாட்டேன்."

எல்லாம் சரியாகிவிட்டது. சலூனுக்குப் போகலாம். யாருக்கும் எதையும் மறைக்க வேண்டாம். பாரம் இறங்கி எழுந்திருக்க வேண்டியவன், எழுந்திருக்கவில்லை.

"வேணாம்பா" என்றான்.

"என்னது?"

"வெட்ட வேணாம். இப்படியே இருக்கட்டும்."

"போதுண்டா. எனக்காக நடிச்சது போதும்."

"நடிக்கலப்பா. ஆரம்பிச்சது உங்களுக்காகத்தான். இப்ப... எனக்குப் பிடிச்சிருக்கு."

அப்பா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாரு. இன்னும் எனக்குத் தடவிக் குடுக்கறான்."

"சத்தியமாப்பா."

"கொசுவுக்கும் இப்படித்தான் சொன்ன."

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லேன்."

"நான் என்ன சொல்றது?" அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "பொய் சொன்னப்ப ஒரு தடவைகூடச் சந்தேகம் வரல. அவ்வளவு நல்லாச் சொன்னீங்க. இது எந்தக் கணக்குன்னு எனக்குத் தெரியலைங்க. யாரைக் காப்பாத்தச் சொல்றீங்க இப்ப?"

"யாரையும் இல்ல."

"எப்படி நம்பறது?"

பால்கனிக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"அப்பா," என்றான் அவன். "நீங்க டாக்டர்கிட்ட வரணும். அதுக்கு இதுதான் விலைன்னா வெட்டிக்கறேன். இப்பவே போறேன். ஆனா பிடிக்கலேன்னு மட்டும் என்னைச் சொல்ல வைக்காதீங்க. இதுவரைக்கும் இந்தத் தலையில நானா ஆசைப்பட்டு எதுவும் வெச்சதில்ல."

அப்பா போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

"காலையில நான் எங்க நிக்கணும், டாக்டர்கிட்டயா, கடையிலயா? அதையாவது ரெண்டு பேரும் சொல்லிடுங்க. எனக்குக் கால் கடுக்குது" என்றாள் அவள்.

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். விரிப்பு கழுத்தைப் பிடித்து இழுத்தது. கையைப் பின்னால் விட்டுத் துழாவினான். முடிச்சு எட்டவில்லை. மனைவி ஓரடி முன்னால் வந்தாள்.

"நீ விடும்மா. நான் போட்டது" என்றார் அப்பா.

அவர் பின்னால் வந்து நின்று முடிச்சைத் தேடினார். விரல்கள் கழுத்தில் படபடவென்று பட்டன. பிடித்த நுனி நழுவியது. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் குனிந்துகொடுத்தான். முடி சரிந்து அவர் கைமேல் விழுந்து முடிச்சை மறைத்தது.

"டேய், இதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கோ" என்றார் அப்பா.

அவன் இரண்டு கையாலும் தன் முடியை அள்ளி உச்சியில் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அவசரமில்லப்பா" என்றான்.